வான்கோழி யாரைப் பார்த்து ஆடியது?

தமிழ்ப்பள்ளியில் பயின்ற நம்மில் பெரும்பாலோருக்கு ஒளவையாரின் மூதுரை அறிமுகமான நூல். அதில் ஒரு பாடலில் மயில் தோகை விரித்து ஆடுகிறது. அதைக் கண்ட வான்கோழி, தானும் மயில்தான் என்று எண்ணிக்கொண்டு தன் அழகற்ற சிறகை விரித்து ஆடுகிறது. முறையாகக் கல்லாத ஒருவன் கவிதை சொல்ல முற்படுவதும் இப்படிப்பட்டதே என்பது அப்பாடலின் கருத்து. நான் ஐந்தாம் ஆண்டில் படித்தபோது எங்கள் வகுப்பில் இந்தப் பாடல் வெறும் செய்யுளாக மட்டும் இருக்கவில்லை. யாராவது ஒருவர் மற்றவரின் கையெழுத்தையோ பேச்சையோ பின்பற்ற முயன்றால், உடனே பின்வரிசையிலிருந்து “வான்கோழி!” என்று ஒரு குரல் எழும். அந்தப் பட்டம் எனக்கும் இரண்டு முறை கிடைத்திருக்கிறது.

இந்தக் கட்டுரைக்கு அந்தப் பறவையிலிருந்தே தொடங்குகிறேன். காரணம், எங்கள் தோட்டத்தில் உண்மையிலேயே ஒரு வான்கோழி இருந்தது.

எங்கள் வரிசை வீடுகளின் கடைசி வீட்டுத் தாத்தா அதை வளர்த்தார். பள்ளி விட்டு வரும் வழியில் நாங்கள் அதைச் சீண்டிவிட்டு ஓடுவோம். அது வாலை விசிறி போல் விரிக்கும். இரண்டு சிறகுகளையும் தாழ்த்தித் தரையில் உரசிக்கொண்டு மெல்ல நடக்கும். தலையின் நிறம் சிவப்பு, நீலம், வெளுப்பு என மாறி மாறித் தெரியும். பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அதற்குப் பயந்தே எங்களில் பாதிப் பேர் சுற்றுப்பாதையில் வீட்டுக்குப் போவார்கள். இதையெல்லாம் அன்று வேடிக்கையாகப் பார்த்தேனே தவிர, அதற்கு மேல் சிந்திக்கவில்லை. பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு ஒருநாள்தான் இந்த எண்ணம் தோன்றியது: எங்கள் தோட்டத்தில் மயிலே கிடையாது. அந்த வான்கோழி தன் வாழ்நாளில் ஒரு மயிலைக் கூடப் பார்த்திருக்காது. அப்படியென்றால் அது யாரைப் பார்த்து ஆடியது?

நூலகத்தில் தேடிப் படித்தபோது விடை எளிதாகக் கிடைத்தது. ஆண் வான்கோழி வாலை விரித்து ஆடுவது அதன் இயல்பு. பெட்டையைக் கவர்வதற்கும் மற்ற ஆண் பறவைகளிடம் தன் வலிமையைக் காட்டுவதற்கும் அது அவ்வாறு செய்கிறது. மயிலும் வான்கோழியும் ஒரே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால், ஒன்றிடமிருந்து மற்றொன்று ஆட்டம் கற்றுக்கொள்ளவில்லை. இன்னொரு செய்தியும் என்னை வியக்க வைத்தது. இன்று நாம் வான்கோழி என்று அழைக்கும் பறவையின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் அங்குச் சென்ற பிறகே அது பிற நாடுகளுக்குப் பரவியது. மூதுரை அதற்கும் முந்திய நூல் என்ற பொதுவான கருத்தை ஏற்றுக்கொண்டால், ஒளவையார் குறிப்பிட்டது வேறு ஏதோ ஒரு பறவையாகத்தான் இருக்க வேண்டும். ஆக, எங்கள் தோட்டத்து வான்கோழி தான் செய்யாத குற்றத்திற்காகப் பல ஆண்டுகளாக எங்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறது!

ஒளவையாரிடம் குறை காண்பது என் நோக்கமன்று. அவர் பேசியது கல்வியைப் பற்றி. அது இன்றும் பொருந்தும். அந்தப் பாடலை எடுத்துக்கொண்டு ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுச் சிறுமைப்படுத்திய நம் பழக்கத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். அந்தப் பழக்கத்தை நான் பிறரிடமிருந்து கற்றுக்கொண்டு, பிறகு எனக்கு எதிராக நானே பயன்படுத்தியிருக்கிறேன்.

2015-ஆம் ஆண்டு நான் யு.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதினேன். (2021-இல் அத்தேர்வு அகற்றப்பட்டு விட்டது, இப்போது தமிழ்ப்பள்ளியில் பயிலும் தம்பி தங்கைகளுக்கு அதன் பெயர் மட்டுமே தெரிந்திருக்கும்.) அக்காலத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு ஏழு தாள்கள். என் பெரியம்மா மகளும் நானும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். அவள் என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். வேறொரு தமிழ்ப்பள்ளியில் படித்த அவளுக்கு 7 ஏ. எனக்குத் தமிழ்மொழித் தாள்கள் இரண்டிலும் ஏ. மலாய்மொழிக் கருத்துணர்தலில் சி, கட்டுரைத் தாளில் டி. மலாய்மொழியின் இரண்டு தாள்களிலும் குறைந்தது சி பெற்றால்தான் நேரே முதலாம் படிவம் செல்லலாம். ஆகவே, நான் 2016-இல் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர வேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஓர் ஆண்டுதான். ஆனால், அந்த ஓர் ஆண்டு எவ்வளவு நீளமானது என்பது அதைக் கடந்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் முதலாம் படிவம். நான் புகுமுக வகுப்பு. அவள் மூன்றாம் படிவத் தேர்வு எழுதும்போது நான் இரண்டாம் படிவம். அவள் எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேஷன் சென்றாள்; நான் எஸ்.பி.எம். முடித்து ஆறாம் படிவம் சென்றேன். அங்கே இன்னும் ஓர் ஆண்டு இடைவெளி கூடியது. 2022 அக்டோபரில் அவள் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்தாள். நான் 2024 அக்டோபரில்தான் வந்தேன். தீபாவளிக்குப் பாட்டி வீட்டில் கூடும்போதெல்லாம் உறவினர்கள் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் பேசுவார்கள். “ரெண்டு பேரும் ஒரே வயசுதானே, இவ ஏன் இன்னும் அங்கேயே இருக்கா?” என்று அத்தை கேட்பார். அம்மா பதில் சொல்ல மாட்டார். முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். பேச வேறு செய்தி இல்லாதபோது பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

முதலாம் ஆண்டில் உளவியல் அறிமுகப் பாடத்தை விருப்பப் பாடமாக எடுத்தேன். அதில்தான் லியோன் பெஸ்டிங்கர் என்ற அமெரிக்க அறிஞர் 1954-இல் வெளியிட்ட சமூக ஒப்பீட்டுக் கோட்பாட்டைப் படித்தேன். தன் திறமை எவ்வளவு என்று அறிந்துகொள்ள வேண்டும் என்னும் உந்துதல் மனிதனிடம் உண்டு என்கிறார் அவர். உயரத்தை அளக்கக் கோல் உண்டு. எடையை அளக்கத் தராசு உண்டு. திறமைக்கும் கருத்துக்கும் அப்படி ஒரு கருவி இல்லாதபோது, மனிதன் பக்கத்தில் இருப்பவனையே கோலாக எடுத்துக்கொள்கிறான். அதிலும் எவரை வேண்டுமானாலும் எடுப்பதில்லை. தன்னைப் போன்றவரையே தேர்ந்தெடுக்கிறான். வேறுபாடு கூடக் கூட ஒப்பிடும் ஆவல் குறைகிறது.

இந்த இடத்தைப் படித்தபோது விரிவுரை மண்டபத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் 2007-இல் விண்வெளிக்குச் சென்றார். அவரோடு யாரும் என்னை ஒப்பிட்டதில்லை. நானும் ஒப்பிட்டு வருந்தியதில்லை. ஆனால் ஒரே பாட்டி, ஒரே வயது, ஒரே வகைப் பள்ளி என்று எல்லாம் ஒத்துப்போன பெரியம்மா மகளின் ஒவ்வொரு தேர்வு முடிவும் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஒருவர் நமக்கு நெருக்கமாக இருப்பதே நம் பொறாமைக்கு வழிவிடுகிறது என்பது வேதனையான உண்மை. பெஸ்டிங்கர் இதற்கு மருந்து எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும், இது என் ஒருத்தியின் கெட்ட குணம் அன்று, மனித மனம் வேலை செய்யும் முறை என்று அறிந்ததே எனக்குப் பாதி ஆறுதலாக இருந்தது.

அதே பாடத்தில் இன்னோர் ஆய்வும் இடம்பெற்றது. விக்டோரியா மெட்வெக், ஸ்காட் மேடி, தாமஸ் கிலோவிச் ஆகிய மூவர் 1995-இல் வெளியிட்டது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியில் பதக்கம் வென்றவர்களின் முகங்களைக் காணொளியில் காட்டி, அவர்களின் மகிழ்ச்சிக்குப் புள்ளியிடச் சொன்னார்கள். வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே அதிக மகிழ்ச்சியுடன் காணப்பட்டார்கள். வெள்ளி வென்றவர் கைநழுவிய தங்கத்தை நினைக்கிறார். வெண்கலம் வென்றவரோ வெறுங்கையோடு திரும்பாமல் தப்பித்ததை நினைக்கிறார் என்பது அவர்களின் விளக்கம். மலேசியர்களாகிய நமக்கு அந்த ஒலிம்பிக்கை மறக்க முடியாது. ரஷிப் சிடேக், ஜலானி சிடேக் சகோதரர்கள் பூப்பந்து ஆண்கள் இரட்டையர் பிரிவில் வென்ற வெண்கலம்தான் நம் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். அதற்குப் பிறகு லீ சோங் வெய் 2008, 2012, 2016 என மூன்று முறை வெள்ளி வென்றார். 2016 ரியோவில் அரையிறுதியில் தம் நெடுநாள் எதிரி லின் டானைத் தோற்கடித்தும், இறுதியில் சென் லோங்கிடம் தோற்றார். அந்த இரவு எங்கள் தாமான் முழுவதும் ஒரே அமைதி. உலகிலேயே இரண்டாம் இடத்தில் இருப்பவருக்காக நாம் துக்கம் கொண்டாடினோம்! இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

இவ்வளவு படித்தும் நான் திருந்திவிட்டேனா என்றால் இல்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் என் துறையில் உடன் பயிலும் தோழிகளில் பெரும்பாலோர் 2004-இல் பிறந்தவர்கள். நான் 2003. முதல் வாரத்தில் விடுதி அறையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருத்தி என் வயதைக் கேட்டாள். 21 என்று சொல்லியிருக்க வேண்டும். நான் 20 என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. உண்மையான வயதைச் சொன்னால் ஏன் ஓர் ஆண்டு பிந்தியது என்று கேட்பார்கள். புகுமுக வகுப்பு என்று சொல்ல வேண்டும். மலாய்மொழியில் டி வாங்கியவள் என்று தெரிந்துவிடும். அந்த ஒரு நொடியில் இத்தனை கணக்குப் போட்டிருக்கிறது மனம்.

ஒரு சிறு பொய் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைக் காப்பாற்றப் பெரிய பாடு பட வேண்டியிருந்தது. நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்பது எல்லாருக்கும் தெரியும். என் எண் 03 என்று தொடங்கும். ஆகவே பாரங்களை நிரப்பும்போது கையால் மறைத்துக்கொள்வேன். அட்டையைப் பணப்பையின் பின்பக்கம் செருகி வைத்தேன். பள்ளிக்கால நிழற்படங்களை இன்ஸ்டகிராமிலிருந்து நீக்கினேன். அவற்றில் ஆண்டு போட்டிருந்தது. எஸ்.பி.எம். எப்போது எழுதினாய் என்று யாராவது கேட்டால் கோவிட் காலத்துக் குழப்பத்தைக் காரணம் காட்டி மழுப்புவேன்.

2025 மே மாதம் என் பிறந்தநாள் வந்தது. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தோழிகள் நால்வர் கதவைத் தட்டினார்கள். கையில் அணிச்சல். அதன்மேல் சாவி வடிவத்தில் அட்டை வெட்டி ஒட்டி, 21 என்று எழுதியிருந்தார்கள். 21-ஆம் பிறந்தநாளை நம் நாட்டில் எவ்வளவு விமரிசையாகக் கொண்டாடுகிறோம் என்பது தெரிந்ததே. ஆளுக்கு 15 வெள்ளி போட்டு வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அந்த வாரம் முழுவதும் மதியத்தில் ரொட்டி மட்டுமே சாப்பிட்டதை நான் கண்டிருந்தேன். எனக்கோ உண்மையான 21-ஆம் பிறந்தநாள் ஓராண்டுக்கு முன்பே வீட்டில் முடிந்துவிட்டது. அப்பா கூடுதல் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு ஜோடித் தோடு வாங்கித் தந்திருந்தார். அந்தத் தோட்டைக் காதில் போட்டுக்கொண்டே இரண்டாவது முறையாக 21-ஆம் பிறந்தநாள் அணிச்சலை வெட்டினேன். அவர்கள் பாடினார்கள், நிழற்படம் எடுத்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

உண்மை வெளிவந்த விதம் மிகச் சாதாரணமானது. ஜூன் மாதம் வளாகத்தில் இரத்ததான முகாம். பதிவு மேசையில் அமர்ந்திருந்தவள் அந்த ரொட்டி சாப்பிட்ட தோழிதான். என் அடையாள அட்டையை வாங்கி எண்ணை ஒவ்வொன்றாக எழுதினாள். 03 என்று எழுதியவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் மீதி எண்களையும் எழுதி முடித்தாள். அன்று இரவு நானே அவள் அறைக்குச் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். டி வாங்கியது, புகுமுக வகுப்பு, பெரியம்மா மகள், தோடு என எதையும் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “இதுக்கா இவ்ளோ நாளா பாரத்த மறைச்சு மறைச்சு எழுதுன? நாங்க உன் கையெழுத்து மோசம்னு நெனச்சோம்,” என்றாள். சிறிது நேரம் கழித்து, “அணிச்சல் காசத் திருப்பிக் குடு,” என்றாள். விளையாட்டாகச் சொன்னாலும் அவள் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அது நியாயமான வருத்தம். ஒப்பிடுவதால் நமக்கு மட்டுமே துன்பம் என்று நினைக்கிறோம். உண்மையில், நம்மோடு அன்பாகப் பழகுபவர்களையும் நாம் ஏமாற்ற வேண்டி வருகிறது. அவர்கள் நேசித்தது நான் காட்டிய வேறொருத்தியை.

இப்போது அந்தப் புகுமுக வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகளாக நான் மறைத்து வைத்த அந்த ஆண்டில் உண்மையில் என்ன நடந்தது?

பள்ளியின் கடைசிக் கட்டடத்தில், சிற்றுண்டிச்சாலையின் பின்புறம் எங்கள் வகுப்பு. சீனப்பள்ளியிலிருந்து வந்தவர்களும் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களும் ஒன்றாக இருந்தோம். எங்களுக்குப் பொதுவான மொழி மலாய். அதுவோ இரு தரப்பினருக்கும் சரியாக வராது. முதல் மாதம் கைகளாலேயே பேசிக்கொண்டோம் எனலாம். எங்களுக்குப் பாடம் நடத்திய மலாய் ஆசிரியை மிகப் பொறுமைசாலி. நான் எழுதிய முதல் வாக்கியம் இன்றும் நினைவில் இருக்கிறது: “சாயா நாசி மாக்கான்.” நான் சோறு சாப்பிட்டேன் என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தேன். தமிழில் வினை கடைசியில் வரும். மலாய்மொழியில் வினை நடுவில் வந்து செயப்படுபொருள் பின்னால் வரும். சிவப்புச் சட்டை என்பது தமிழ் முறை. சட்டை சிவப்பு, அதாவது ‘பாஜு மேரா’ என்பது மலாய் முறை. நான் ‘மேரா பாஜு’ என்று எழுதிக் கொண்டிருந்தேன். யு.பி.எஸ்.ஆரில் டி வாங்கியதன் காரணம் அப்போதுதான் எனக்கே விளங்கியது. நான் மூளையற்றவள் அல்லள். தமிழில் சிந்தித்து மலாய்ச் சொற்களை அடுக்கியவள். அவ்வளவுதான்.

வினைச்சொல்லிலும் இதே கதைதான். தமிழில் வந்தான், வந்தாள், வந்தது, வருவேன் என்று ஒரு சொல்லுக்குள்ளேயே காலமும் இடமும் பாலும் அடங்கிவிடும். மலாய்மொழியில் ‘டாத்தாங்’ என்ற ஒரே சொல் எல்லாருக்கும் பொது. காலத்தைக் காட்ட ‘சூடா’, ‘செடாங்’, ‘ஆக்கான்’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் போதும். முதலில் இதைக் கேட்டபோது எங்கள் வகுப்புப் பையன் ஒருவன், தமிழ்தான் உயர்ந்தது, மலாயில் இலக்கணமே இல்லை என்றான். அது தவறு என்பது இரண்டே மாதத்தில் புரிந்தது. ‘ஆஜார்’ என்ற அடிச்சொல்லிலிருந்து ‘பெலாஜார்’ என்றால் கற்பது, ‘மெங்ஙாஜார்’ என்றால் கற்பிப்பது, ‘பெலாஜாரான்’ என்றால் பாடம். முன்னொட்டும் பின்னொட்டும் எத்தனை வேலை செய்கின்றன! நாம் சொல்லின் இறுதியில் செய்யும் நுணுக்கத்தை அவர்கள் சொல்லின் முன்னாலும் செய்கிறார்கள். தமிழைக் கொண்டு அளந்தால் மலாய் குறைபாடுள்ளதாகத் தோன்றும். மலாயைக் கொண்டு அளந்தால் தமிழ் தேவையில்லாமல் சுற்றி வளைப்பதாகத் தோன்றும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இது இப்படி இயங்குகிறது, அது அப்படி இயங்குகிறது என்று பார்க்கும்போதுதான் இரண்டின் அழகும் தெரிகிறது. ஒப்பீடு என்றாலே தீமை என்று நான் நினைக்காததற்குக் காரணம் அந்த வகுப்புதான்.

ஒருநாள் ஆசிரியை ‘கீத்தா’, ‘காமி’ ஆகிய இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதினார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். சீனப்பள்ளி நண்பர்கள் வேறுபாடு புரியாமல் விழித்தார்கள். ஆசிரியை இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகள் சொன்னார். என் மனத்தில் திடீரென்று விளக்கெரிந்தது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் கீத்தா. அது நம் ‘நாம்’. கேட்பவரை விட்டுவிட்டுச் சொன்னால் காமி. அது நம் ‘நாங்கள்’. கையைத் தூக்கினேன். என் உடைந்த மலாயில், தமிழிலும் இப்படி இரண்டு சொற்கள் உண்டு என்று சொன்னேன். ஆசிரியைக்கு அது புதிய செய்தி. என்னை முன்னால் அழைத்து வகுப்புக்கு விளக்கச் சொன்னார். நடுங்கிக்கொண்டே போய் நின்றேன். இடைநிலைப்பள்ளியில் நான் கரும்பலகையின் முன் நின்று பேசிய முதல் நாள் அது. என் மலாயைக் கெடுத்தது தமிழ் என்று அதுவரை பலர் சொல்லக் கேட்டு நானும் நம்பியிருந்தேன். அன்று அந்தத் தமிழ்தான் எனக்குக் கைகொடுத்தது.

அதன் பிறகு மலாய்மொழி எனக்குச் சுமையாக இருக்கவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் அதில் ஏ பெற்றேன். தமிழையும் விடவில்லை. தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்பது விதி. எங்கள் வகுப்பு பள்ளி முடிந்தபின் நடந்தது. பேருந்தைத் தவறவிட்டு எத்தனையோ நாள் நடந்தே வீடு திரும்பியிருக்கிறேன். இதையெல்லாம் பெருமையாகச் சொல்ல வேண்டிய நான், வயதை ஒன்று குறைத்துச் சொல்லி இவை அனைத்தையும் சேர்த்து மறைத்தேன். அந்த ஓர் ஆண்டை நீக்கினால் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று விளக்கிய அந்தச் சிறுமியும் நீங்கிவிடுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தன்னைத் தானாகவே ஏற்றுக்கொள் என்பது சோம்பேறிகளுக்கு நல்ல சாக்கு ஆகாதா? ஆகும். என்னிடமே சான்று இருக்கிறது. எனக்கு ஆங்கிலத்தில் பேச வராது. குழுப் படைப்பு என்றால் படவில்லைகளைத் தயாரிக்கும் வேலையை முந்திக்கொண்டு வாங்கிக்கொள்வேன். பேசும் வேலையைத் தள்ளிவிடுவேன். கேட்டால், நான் இப்படித்தான், கூச்ச சுபாவம் என்பேன். அதைத் தன்னியல்பு என்று சொல்வது பொய். புகுமுக வகுப்பில் உடைந்த மலாயோடு முன்னால் போய் நின்றவளும் நான்தானே? அப்போது இல்லாத கூச்சம் இப்போது எங்கிருந்து வந்தது? உண்மையில் அது பயம். மற்றவர்களின் ஆங்கிலத்தோடு என் ஆங்கிலம் ஒப்பிடப்படும் என்ற பயம். அதற்குத் தன்னியல்பு என்று நல்ல பெயர் சூட்டியிருந்தேன். கடந்த பருவத்தில் ஒரு படைப்பில் நான்கு நிமிடம் ஆங்கிலத்தில் பேசினேன். நன்றாக இல்லை. அடுத்த முறையும் பேசுவதாகப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

2025 அக்டோபரில் பெரியம்மா மகளுக்குப் பட்டமளிப்பு விழா. பொருளியலில் பட்டம். போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அம்மாவுக்காகப் போனேன். மண்டபத்துக்கு வெளியே பூங்கொத்துகளும் நிழற்படங்களும் முடிந்த பிறகு, நாங்கள் இருவரும் தனியே ஒரு படிக்கட்டில் அமர்ந்திருந்தோம். வெயில். அவள் அங்கியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருப்பதாகவும், தினமும் வீட்டில் பதில் வந்ததா என்று கேட்பதாகவும் சொன்னாள். பிறகு, “உனக்குக் குடுத்து வச்சிருக்கு. உன்கிட்ட யாரும் எதையும் எதிர்பாக்கல,” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது எவ்வளவு வலி என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது எவ்வளவு வலி என்று எனக்கும் அதுவரை தெரியவில்லை. பத்து ஆண்டுகளாக நான் அவளுடைய மதிப்பெண்களோடுதான் என்னை ஒப்பிட்டிருக்கிறேன்; அவளோடு அல்ல. அவள் சொன்னதற்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை. கோபம் முழுவதும் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். பெரியம்மா தேடிக்கொண்டு வந்து கூப்பிட்டார், எழுந்து போனோம்.

அதே மாதக் கடைசியில் புதிய மாணவர்களுக்கான நம் தமிழ் மாணவர் சந்திப்பு நடந்தது. பெயர், மாநிலம், படித்த பள்ளி, வயது என்று வரிசையாக எல்லாரும் எழுந்து அறிமுகம் செய்துகொண்டோம். என் முறை வந்தது. வயது 22, இரண்டாம் ஆண்டு, தமிழ்ப்பள்ளியில் படித்துப் புகுமுக வகுப்பு வழியாக வந்தவள் என்றேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த என் தோழி, “இந்தத் தடவ சரியாச் சொல்லிட்டா,” என்று முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது. சந்திப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி அருகில் வந்து நின்றாள். “அக்கா, நீங்களும் பெராலிஹானா?” என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றதும் அவளும் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினாள்.

பிறகு இருவரும் உணவுக்கடையில் தே ஓ ஐஸ் வாங்கிக்கொண்டு அமர்ந்தோம். அந்த ஓர் ஆண்டு வீண்தானே என்று அவள் இரண்டு முறை கேட்டாள். வீண் இல்லை என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னவர்களை நானே நம்பியதில்லை. ஆகவே, உங்கள் வகுப்பில் ‘கீத்தா’, ‘காமி’ பாடம் நடந்ததா, உனக்கு எப்படி விளங்கியது என்று கேட்டேன். அவள் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தாள். கடை மூடும் வரை அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.